ஒன்று போதாதா?

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவது என்று முடிவே செய்துவிட்டேன். எடைக்குப் போடுகிறவர் வந்தால் கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் உத்தரவும் போட்டாயிற்று. அது தப்பியது என் பேரனால். அது தப்பியபோது எனக்கு 1997ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. அன்று அலுவலகக் கோப்பு ஒன்றில் நான் எழுதிய இரண்டு சொல்லும் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் கொஞ்சம் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் தெருவில் யாருக்காவது பிரெஞ்சுக் காகிதம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் விதவைகள், எத்தா சிவில் பதிவில் பெயர் பிசகிப்போனவர்கள், பிள்ளைகள் பிரான்சில் இருப்பவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, ஒழுங்குபடுத்தி, கடிதம் எழுதிக் கொடுப்பேன். பென்ஷன் வாங்குகிறவருக்கு வருஷா வருஷம் ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று சான்று போகவேண்டும். அது ஒரு மாதம் தாமதித்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதில் சிரமம். அதனால் என் கம்ப்யூட்டர் மெதுவாவது என் சொந்தக் கஷ்டம் மட்டுமல்ல.

மூன்று வருஷம் முன்பு கடைக்காரர் ஒருவர் மெமரி குறைவு என்று சொல்லி, இருந்த 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி மாட்டிக்கொடுத்தார். முதலில் பரவாயில்லை. ஆனால் ஸ்கேன் பக்கங்களைப் புரட்டினால் திக்கித் திக்கி வரும். மகளோடு வீடியோவில் பேசினால் அவள் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மறுபடி கொண்டுபோனபோது, “பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்றார்.

லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பேரன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். டார்ச் அடித்தபடியே சிரித்தான்.

“தாத்தா, ரெண்டு பேரையும் ஒரே வாசல்ல நிக்க வச்சிருக்காங்க. இன்னொரு வாசல் சும்மா கிடக்கு.”

ஒரு மெமரித் துண்டைப் பிடுங்கி, ஒரு இடம் தள்ளி மாட்டினான். காசு செலவில்லை. பத்து நிமிஷ வேலை.

என்ன மாயம் இது என்று கேட்டேன். அவன் சொன்னான். பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் ‘ஒர்தினத்தேர்’ என்று பெயர். 1955 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை ஒரு நல்ல பெயர் தேடியபோது, லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே கடிதத்தில் எழுதிக்கொடுத்த சொல் அது. ஒழுங்கு செய்கிறவர் என்று பொருள். உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு அகராதியில் இருந்த பழைய அடைமொழியைத் தூசி தட்டி எடுத்துக்கொடுத்தார். குமாஸ்தாவுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் ‘ராம்’ என்று சொல்லும் நினைவகத்துக்குப் பிரெஞ்சில் ‘மெமுவார் வீவ்’, அதாவது உயிருள்ள ஞாபகம். மின்சாரம் இருக்கும்வரை உயிரோடு இருக்கும், நின்றால் எல்லாம் மறந்துபோகும். எழுதியது அழியாத ‘ராம்’ அல்லாத மற்றது ‘மெமுவார் மோர்த்’, செத்த ஞாபகம். உயிருள்ள ஞாபகத்தை ஏந்தும் அந்த நீளமான பச்சைத் துண்டுக்கு ‘பாரெத்’ என்பார்கள். பெண்கள் தலையில் குத்தும் கிளிப்புக்கும் அதே சொல்தான். இந்தக் கட்டுரையில் மெமரித் துண்டு என்றே சொல்கிறேன்.

இப்போது ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஒரு குமாஸ்தா. உள்ளே ஒரு ரெக்கார்டு ரூம். குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ரெக்கார்டு ரூமிலிருந்து கோப்பு வந்தால்தான் அவர் பேனா நகரும். கம்ப்யூட்டரில் குமாஸ்தாதான் பிராசஸர், ரெக்கார்டு ரூம்தான் மெமரி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர். 1830களில் அவர் காகிதத்தில் வரைந்த இயந்திரத்தில் கணக்குப் போடும் பாகத்துக்கு ஆலை என்றும், எண்களை வைத்திருக்கும் பாகத்துக்குக் கிடங்கு என்றும் பெயர் வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் சரித்திரத்தில் பாதி, அந்த வழியில் ஏற்படும் நெரிசலின் சரித்திரம்.

1953இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வேர்ல்விண்ட் என்ற கம்ப்யூட்டரில் காந்த வளைய மெமரியைப் பொருத்தினார்கள். மணி கோத்ததுபோல் சின்னச் சின்ன வளையங்கள், நடுவே கம்பிகள். ஒவ்வொரு வளையமும் ஒரு ‘ஆம்’ அல்லது ஒரு ‘இல்லை’யை நினைவில் வைத்திருக்கும். அடுத்த இருபது வருஷம் அதுதான் உலகத்துக்கு மெமரி. ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒரு வளையத்தைப் படித்தால் அதில் உள்ளது அழிந்துபோகும். படித்ததைத் திரும்ப எழுதிவைக்க வேண்டும். கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டு கீப்பர் அலமாரியைச் சரிசெய்து முடிக்கும்வரை அடுத்த கோப்பு கேட்க முடியாது. குமாஸ்தா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு ஐ.பி.எம்.காரர்கள் கண்ட வழி ஸ்ட்ரெச் என்ற கம்ப்யூட்டரில் வந்தது. 1961இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போன இயந்திரம் அது. மெமரியை ஒரே பெட்டியாக வைக்காமல் பல பெட்டிகளாக வைத்தார்கள். கோப்பு எண் 1 முதல் பெட்டியில், 2 அடுத்த பெட்டியில், 3 அதற்கடுத்ததில் என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். முதல் பெட்டிக்காரர் அலமாரியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அடுத்த பெட்டிக்காரர் கோப்பைக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பெட்டியும் தன்னளவில் பழைய வேகம்தான். ஒருவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் மற்றவர் வேலை செய்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஸ்ட்ரெச்சின் கதையில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஐ.பி.எம். 704 என்ற முந்தைய இயந்திரத்தைவிட நூறு மடங்கு வேகம் என்பது இலக்கு. வந்ததோ சுமார் முப்பது மடங்கு. 135 லட்சம் டாலர் விலை வைத்திருந்ததை 78 லட்சத்துக்குக் குறைத்து, மேற்கொண்டு ஆர்டர் வாங்குவதையே நிறுத்தினார்கள். மொத்தம் செய்தது ஒன்பதுதான். அன்று அதைத் தோல்வி என்று எழுதினார்கள். ஆனால் அந்தத் ‘தோல்வி’யில் கற்ற பாடங்கள்தான் பிற்பாடு எல்லா இயந்திரத்துக்குள்ளும் போயின. மெதுவானது என்று பெயர் வாங்குவது சுலபம், அந்தப் பெயர் போவது கஷ்டம். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

மூன்று வருஷம் கழித்து, 1964இல், சீமோர் க்ரே வடிவமைத்த சி.டி.சி. 6600 வந்தது. அதில் 32 பெட்டிகள், பெட்டிக்கு 4,096 சொற்கள். ஒரு பெட்டி ஒரு வேலையை முடிக்க 1 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு பெட்டியைத் தட்டலாம். பத்து பேர் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது போல. அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் அதுதான்.

இன்னொரு வழியும் பிறந்தது. அடிக்கடி கேட்கும் கோப்புகளைக் குமாஸ்தாவின் மேஜை டிராயரிலேயே வைத்துவிடுவது. இதற்குக் கேஷ் மெமரி என்று பெயர். 1968இல் அறிவித்த ஐ.பி.எம். 360 மாடல் 85இல் இது வந்தது. டிராயரில் கிடைத்துவிட்டால் ரெக்கார்டு ரூமுக்கே போக வேண்டாம். இந்த டிராயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

இவையெல்லாம் கோடீசுவரர்களின் இயந்திரங்கள். நம் மேஜைக்கு வந்த சின்ன கம்ப்யூட்டரில் ஜோடி விஷயம் வேறு காரணத்துக்காக வந்தது. அது வழியின் அகலம். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஒரு தடவைக்கு 8 பிட்தான் வரும். 386, 486 என்று வளர்ந்தபோது 32 பிட் ஆயிற்று. 1993இல் வந்த பென்டியம் ஒரே தடவையில் 64 பிட் கேட்டது. ஆனால் கடையில் கிடைத்த மெமரித் துண்டு, 72 கால் உள்ள ‘சிம்’, 32 பிட்தான் கொடுக்கும். அதனால் பென்டியத்துக்கு எப்போதும் ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒரு வரவு செலவுப் பதிவில் வரவு ஒரு லெட்ஜரிலும் செலவு இன்னொரு லெட்ஜரிலும் இருந்தால், ஒரு லெட்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை முடிக்க முடியுமா? அதே கதைதான். ஒன்றை மட்டும் போட்டால் இயந்திரம் அதைச் சட்டையே செய்யாது, அல்லது எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

இதை நான் 1997இல் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஐந்தாவது சம்பளக் கமிஷன் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1996 ஜனவரி 1 முதல் அரியர்ஸ். எத்தனை வீட்டில் கல்யாணப் பேச்சே அந்த அரியர்ஸை நம்பி நடந்தது! எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலுக்கென்று ஒரு பென்டியம் வந்திருந்தது. மெமரி மொத்தம் 8 எம்பி, அதாவது 4 எம்பியில் ஒரு ஜோடி. விண்டோஸ் 95 அதில் நொண்டிக்கொண்டு ஓடும். அதில் உட்கார்ந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் பெயர் வேண்டாம். அமைதியான மனிதர், பேசினால் நாலு வார்த்தை.

அவர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். பெரிய பட்டியலைத் திறந்தால் இயந்திரம் திணறுகிறது, 8 எம்பி மெமரித் துண்டு இரண்டு வாங்க அனுமதி வேண்டும் என்று. கொள்முதல் கோப்பு அப்போது என் கையில். நான் சிக்கனத்துக்குப் பெயர் போனவன். அரசாங்கக் காசு என்றால் என் சொந்தக் காசைவிட இறுக்கிப் பிடிப்பேன். அந்தக் குறிப்பின் ஓரத்தில் எழுதினேன்: “ஒன்று போதாதா?”

மேலே போன கோப்பு ‘ஒன்று’ என்று கையெழுத்தாகி வந்தது. மெக்கானிக் ஒரு துண்டோடு வந்தார். பொருத்தினார். திரை கறுப்பாகவே நின்றது. கழற்றினார், இயந்திரம் எழுந்தது. “சார், இது ஜோடியாத்தான் போகும், தெரியாதா?” என்றார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டு, பீரோவுக்குள் போயிற்று. இன்னொன்று வாங்கப் புதிய குறிப்பு, புதிய விலைப்பட்டியல், புதிய அனுமதி. அந்த நிதியாண்டில் அந்தத் தலைப்பில் காசு இல்லை என்று கோப்பு திரும்பியது.

அரியர்ஸ் வேலை அந்த 8 எம்பியில்தான் நடந்தது. மற்றப் பிரிவுகளில் பட்டியல் முடிந்துவிட்டது, எங்களுடையது முடியவில்லை. ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். ‘பணியில் மந்தம்’ என்று அவருக்கு மெமோ போயிற்று. அவர் விளக்கம் எழுதினார், ஒரே பத்தி. இயந்திரத்துக்கு மெமரி போதவில்லை, வாங்கிய துண்டு ஜோடி இல்லாமல் பீரோவில் கிடக்கிறது என்று. யாரையும் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை.

அந்த விளக்கத்தை மேலே வைக்க வேண்டியவன் நான்தான். “மற்றப் பிரிவுகள் முடித்துள்ள நிலையில் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை” என்று எழுதி வைத்தேன். மற்றப் பிரிவுகளில் கையால் எழுதினார்கள் என்பதை எழுதவில்லை. ஓரத்தில் இருந்த என் இரண்டு சொல்லைப் பற்றியும் எழுதவில்லை. அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு இரண்டாவது துண்டு வந்தது. இரண்டையும் போட்டதும் இயந்திரம் குதிரை மாதிரி ஓடியது. அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார்.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 168 கால் உள்ள ‘டிம்’ என்ற துண்டு வந்தது. அது ஒன்றே 64 பிட் கொடுக்கும். ஜோடிக் கட்டாயம் தீர்ந்தது. எல்லாரும் ‘ஒன்று போதும்’ என்றார்கள். ஆனால் பிராசஸர் ஓடிய வேகத்துக்கு மெமரி ஓடவில்லை. 1995லேயே வுல்ஃப், மெக்கீ என்ற இரண்டு பேர் இந்த இடைவெளி ஒரு நாள் சுவர்போல வந்து முட்டப்போகிறது என்று கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார்கள்.

ஜோடி திரும்பி வந்தது. இந்தத் தடவை வேகத்துக்காக. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அதனுடன் ராம்பஸ் என்ற புதுவகை மெமரி வந்தது. அதை ஜோடியாகப் போட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், காலி இடங்களைக் காலியாக விடக்கூடாது. மெமரி எதுவும் இல்லாத வெறும் அட்டை ஒன்றைச் செருகி வழியை மூட வேண்டும். ஆள் இல்லாத நாற்காலிக்கும் பெயர்ப்பலகை வைப்பது போல. விலையும் அதிகம், அதனால் அது நிலைக்கவில்லை. 2001இல் என்விடியா நிறுவனம் தன் என்ஃபோர்ஸ் போர்டில் சாதாரண டிடிஆர் மெமரியையே இரண்டு வழிகளில் ஓட்டிக்காட்டியது. 2003இல் இன்டெல்லின் 865, 875 சிப்செட்டுகள் வந்தபோதுதான் இது எல்லாருடைய மேஜைக்கும் வந்தது. ‘டூயல் சேனல்’ என்றார்கள்.

கணக்கு எளிது. அன்றைய டிடிஆர் 400 துண்டு விநாடிக்கு 40 கோடி தடவை கொடுக்கும், ஒவ்வொரு தடவையும் 8 பைட். ஆக 320 கோடி பைட். அன்றைய பென்டியம் 4 வாங்கிக்கொள்ளக்கூடியது விநாடிக்கு 640 கோடி பைட். ஒரு துண்டு போட்டால் குமாஸ்தா பாதி நேரம் சும்மா. இரண்டு துண்டு, இரண்டு வாசல் என்றால் சரியாகப் பொருந்தும். என் வீட்டு இயந்திரத்தில் டிடிஆர்4 வகை, விநாடிக்கு 240 கோடி தடவை. ஒரு வாசலுக்கு 1,920 கோடி பைட். இரண்டு வாசலுக்கு 3,840 கோடி.

இதில் கவனிக்க வேண்டியது, துண்டு இரண்டு என்பதற்காக வாசல் இரண்டு ஆகிவிடாது. போர்டில் நாலு இடம் இருந்தால் இரண்டிரண்டாக ஒவ்வொரு சேனலுக்குச் சொந்தம். என் கடைக்காரர் பக்கத்துப் பக்கத்து இடத்தில் மாட்டியதால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிட்டன. ரெக்கார்டு ரூமுக்கு இரண்டு வாசல், இரண்டு பியூன், ஆனால் இரண்டு பேரும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பேரன் செய்தது ஒருவரை அடுத்த வாசலுக்கு அனுப்பியதுதான்.

இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வாசல் இரண்டானால் வேலை இரண்டு மடங்கு வேகமாகாது. மெமரியை அளக்கும் புரோகிராமில் என் இயந்திரம் விநாடிக்கு 17 ஜிபி சொச்சம் காட்டியது, மாற்றியபின் 31. ஆனால் நூற்றுக்கணக்கான ஸ்கேன் பக்கங்களைச் சுருக்கிக் கட்டும் வேலை, 7 நிமிஷம் 40 விநாடி எடுத்தது, 6 நிமிஷம் 50 விநாடி ஆயிற்று. கடிதம் டைப் அடிப்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன்? முன்பு சொன்ன மேஜை டிராயர்தான் காரணம். முக்கால்வாசிக் கோப்பு அதிலேயே கிடைத்துவிடுகிறது. தவிர, ஒரே ஒரு கோப்பு கேட்கிறவருக்கு இரண்டு வாசலால் என்ன லாபம்? அந்த ஒரு கோப்பு வரும் நேரம் அதேதான். கட்டுக் கட்டாகக் கோப்பு கேட்கிறவருக்குத்தான் லாபம்.

என் இயந்திரத்தில் அப்படிக் கட்டுக் கட்டாகக் கேட்பது படம் காட்டும் பகுதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்குப் போகும் ஒவ்வொரு படமும் இந்த மெமரியிலிருந்துதான் போகிறது. அதனால்தான் பக்கம் புரட்டுவது சீரானது. மகள் வாயும் குரலும் ஒன்று சேர்ந்தன. என்னைப் போன்றவர்கள் வைத்திருக்கும் எளிய இயந்திரங்களில்தான் இந்த ஜோடியின் பலன் அதிகம் தெரியும்.

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் தூக்கிப் போடுமுன் இவற்றைப் பாருங்கள். சிபியு-இசட் என்று ஓர் இலவசப் புரோகிராம் உண்டு. மெமரிப் பக்கத்தில் சேனல் ஒன்றா இரண்டா என்று காட்டும். ஒரே துண்டு இருந்தால், அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று வாங்குங்கள். வேகம் வேறுபட்டால் வேகமானது மெதுவானதோடுதான் நடக்கும். அளவு வேறுபட்டாலும் இப்போதைய பல போர்டுகள் சமாளிக்கும். 8ம் 4ம் போட்டால், இரண்டிலும் நாலு நாலு ஜோடியாக ஓடும், மிச்சம் நாலு தனியாக ஓடும். எந்த இடத்தில் மாட்டுவது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியில் ஒரே நிறம் ஜோடி, இன்னொன்றில் வேறு விதம். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். மாட்டுமுன் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். மெமரி மொத்தமே போதாமல் இருந்தால் முதலில் அளவைக் கூட்டுங்கள், ஜோடிப் பேச்சு பிறகு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய லாபம். சில லேப்டாப்களில் மெமரியைப் போர்டோடு ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். அதில் நாம் கைவைக்க முடியாது.

இப்போது வரும் டிடிஆர்5 துண்டுக்குள்ளேயே 32 பிட்டில் இரண்டு வழிகள் வைத்துவிட்டார்கள். அப்படியும் இரண்டு துண்டு போட்டால்தான் முழு அகலம் கிடைக்கும். அறுபது வருஷமாக ஆட்கள் மாறியும் பாடம் மாறவில்லை. குமாஸ்தா மெதுவாக இருக்கிறார் என்று தோன்றினால், முதலில் ரெக்கார்டு ரூமுக்கு எத்தனை வாசல் என்று போய்ப் பார்க்க வேண்டும்.

பேரன் மூடியைத் திருகி மூடியபிறகு நான் வெகுநேரம் அந்த மேஜை முன்பே உட்கார்ந்திருந்தேன். பழைய டைரியைத் தேடினேன். காரைக்காலில் இருந்த ஒரு நண்பரைப் பிடித்து, அவர் மூலம் நம்பர் வாங்கினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெயரைச் சொன்னதும், “சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?” என்றார், நேற்றுப் பேசியவர் போல.

நான் விஷயத்தைச் சொன்னேன். மெமரித் துண்டு, ஜோடி, ஓரத்தில் எழுதிய இரண்டு சொல், விளக்கத்தின்மேல் நான் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“துண்டு விஷயம் எனக்கு மறந்தே போச்சு சார்” என்றார். “மெமோ வந்த தேதி மட்டும் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு என் பெண்ணுக்குக் காது குத்து.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த மாதம் ஒரு நாள் காரைக்கால் பஸ் ஏறலாம் என்று இருக்கிறேன். வரச் சொல்லியிருக்கிறார்.